தையல் ஊசியும் விமான இறக்கையும்

எமது சங்கம் தவழும் பருவத்தில் இருந்த காலம். முன்னேஸ்வரத்துப் பிள்ளைகளுக்கு விமானம் என்பது பத்திரிகைச் செய்தி மட்டுமே. இரத்மலானையில் முதல் விமானம் மதராஸிலிருந்து வந்து இறங்கியதே 1935 நவம்பர் 27இல்தான். எமக்கு வடக்கே புத்தளத்தில் கடற்படை விமானங்களை யானைகள் கட்டி இழுத்தது அதற்கும் பிந்திய, போர்க்காலக் கதை.

1930 மே 5ஆம் திகதி, எமி ஜோன்சன் என்ற 26 வயதுப் பெண் இலண்டனுக்கு அருகே குரொய்டனிலிருந்து அவுஸ்திரேலியாவுக்குத் தனியே புறப்பட்டார். சட்டத்தரணி ஒருவரின் அலுவலகத்தில் தட்டச்சுச் செய்தவர். விமானங்களைப் பழுதுபார்க்கும் பொறியியலாளர் அனுமதிப்பத்திரமும் பெற்றிருந்தார். அவரது 'ஜிப்சி மொத்' விமானம் மரச்சட்டத்தில் துணி போர்த்திய இரட்டை இறக்கை விமானம். எஞ்சின் ஒன்றே.

ஒற்றை எஞ்சின் நின்றால் விமானம் கல்லைப்போல விழாது. மூக்கைச் சற்றுத் தாழ்த்தி வேகத்தைக் காத்தால் சறுக்கிக்கொண்டு இறங்கும். அந்தச் சில நிமிடங்களுக்குள் காற்றை எதிர்கொண்டு இறங்க ஒரு வெளியைத் தேர்ந்துவிட வேண்டும். பதறி, புறப்பட்ட இடத்துக்கே தாழப் பறந்து திரும்ப முயன்றவர்கள் பலர் உயிரிழந்திருக்கிறார்கள். அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்யும் எங்களுக்கும் இந்தப் பாடம் புதிதல்ல: எஞ்சியிருப்பதைக் கொண்டு உடனே தீர்மானிக்க வேண்டும்.

எமிக்கும் அப்படித் தீர்மானிக்க நேர்ந்தது. எரிபொருள் குறைந்தபோது, எஞ்சின் நிற்கும்வரை காத்திராமல், ஜான்சியில் படையினரின் அணிவகுப்பு மைதானத்தில் இறங்கினார். இறக்கை சேதமுற்றது, அங்கேயே செப்பனிடப்பட்டது. மே 13இல் பர்மாவில் கொட்டும் மழை. இரங்கூன் குதிரைப் பந்தயத்திடலைத் தேடியவர், இன்செயினில் அரசாங்கத் தொழில்நுட்பக் கல்லூரியின் விளையாட்டுத்திடலில் இறங்கினார். விமானம் கானுக்குள் பாய்ந்தது. சக்கரச் சட்டமும் சுழலியும் இறக்கையும் முறிந்தன.

அவரைக் கரையேற்றியது அந்தக் கல்லூரிதான். ஆசிரியர்களும் மாணவர்களும் உடைந்த பாகங்களைச் செய்துகொடுத்தார்கள். சுழலி ஒன்றை எமி மேலதிகமாகக் கொண்டுவந்திருந்தார். இறக்கைக்குத் துணி? முதல் உலகப் போரில் மிஞ்சிய விமானத் துணியில் தைத்த சட்டைகள் அங்கே இருந்தன. அவற்றைப் பிரித்துத் தைத்துப் போர்த்தினார்கள். 15½ நாள் சாதனையை முறியடிக்கும் வாய்ப்பு அந்தத் தாமதத்தால் போயிற்று. ஆனாலும் மே 24இல் டார்வின் சேர்ந்து, அவ்வழியைத் தனியே கடந்த முதற் பெண் ஆனார். 1941 ஜனவரி 5இல், போர்க்காலப் பணியில் விமானம் ஓட்டியபோது, தேம்ஸ் கழிமுகத்தில் உயிரிழந்தார்.

நாங்கள் படித்த நாளில் தையல் வகுப்பை இளக்காரமாகவே நினைத்தோம். கெட்டிக்காரிகளுக்கு விஞ்ஞானம், மற்றவர்களுக்கு ஊசி என்பது எங்கள் எண்ணம். பின்னர் முதன்முதலாக ஒரு காயத்துக்குத் தையல் போட்டபோது, சீராகத் தையல் விழ விரல்களைப் பழக்கியது எந்த வகுப்பு என்பது நினைவுக்கு வந்தது.

தையல் அறையைக் கணினி அறையாக்கலாமா என்ற பேச்சு இப்போது எம்மிடையே எழுந்திருக்கிறது. கணினி வேண்டும்தான், அதற்கு வேறோர் அறை கட்ட நாம் எல்லோரும் கைகொடுப்போம். அந்தத் தையல் அறை மட்டும் அப்படியே இருக்கட்டும்.