காவிரிப் படுகை வகுப்பறைகளில் மாணவர் மனத்தேவைகள்

மாணவரின் அடிப்படை மனத்தேவைகளாக உளவியலார் கூறுபவை சிலவே: பயமின்றி இருத்தல், கூட்டத்தில் ஒருவராகச் சேர்க்கப்படுதல், ஒன்றையாவது செய்துகாட்டும் திறன் பெறுதல், தம் பேச்சு கேட்கப்படுதல். 1943இல் ஆபிரகாம் மாஸ்லோ வகுத்த வரிசையில் இவற்றுக்கெல்லாம் கீழே பசி இருக்கிறது. தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டப் பள்ளிகளில் அந்த அடிப்படி இன்னும் ஏட்டுச் செய்தியாகிவிடவில்லை.

மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறப்பது மரபு. குறுவையும் அடுத்துச் சம்பா, தாளடியும் தொடங்கினால் கூலிக்கு நடவு நடும் தாய்மார் விடிகாலையிலேயே வயலுக்கு இறங்கிவிடுவார்கள். பழைய சோறு மீந்திருந்தால் பிள்ளைக்கு ஆகாரம். இல்லாவிட்டால் வெறும் வயிற்றோடு பள்ளி. முதல் பாடவேளையில் தலை கவிழ்ந்து கிடக்கும் பிள்ளைக்கு ‘மந்தம்’ என்று பட்டம் கட்டுவது எளிது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்ட் 25 அன்று நாகை மாவட்டத் திருக்குவளையிலிருந்து மாநிலம் முழுவதும் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. கிச்சடியும் பொங்கலும் வயிற்றை நிரப்பும். மனம் நிறைவது பரிமாறும் விதத்தில். இரண்டாம் முறை தட்டை நீட்டும் பிள்ளை, சுற்றியிருப்போர் முகத்தைப் பார்க்காமல் நீட்ட வேண்டும். ஆசிரியரும் அதே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டால் பாதிக் கூச்சம் போய்விடும்.

அடுத்தது பயம். திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பிள்ளையைக் கயிற்றில் தொங்கவிடும் கோதண்டத் தண்டனை இருந்தது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் தடை செய்தது. பிரம்பை ஒழித்த அளவுக்கு நாக்கை அடக்க முடியவில்லை. ‘மாடு மேய்க்கத்தான் லாயக்கு’ என்ற வசை, மாடு மேய்த்துப் பிழைக்கும் தகப்பனின் பிள்ளைக்கு வெறும் வசையல்ல. அவன் வீட்டையே வகுப்பின் நடுவில் வைத்து அவமதிப்பது. பேரிடர் தரும் பயம் வேறு வகை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளி ஒன்றின் கீற்றுக் கூரையில் பரவிய தீயில் 94 குழந்தைகள் மாண்டனர். அதே ஆண்டு டிசம்பரில் ஆழிப்பேரலை, 2018 நவம்பர் 16இல் கஜா புயல். இத்தகைய நாள்களுக்குப் பின் பள்ளி திறந்ததும் விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடங்குவது வீண். நடந்ததைப் பிள்ளைகள் பேசவும் வரையவும் சில நாள்கள் தர வேண்டும். அழுதால் அதட்டக் கூடாது.

சேர்த்துக்கொள்ளும் பண்புக்கு இம்மண்ணில் முன்மாதிரி உண்டு. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சமய வேறுபாடின்றித் தியாகராச செட்டியாரும், நாகூர் குலாம் காதிறு நாவலரும், சவரிராயலு நாயகரும், உத்தமதானபுரத்து உ. வே. சாமிநாதையரும் பாடம் கேட்டனர். மாணவரின் ஊண், உடை வரை அந்த ஆசிரியர் அக்கறை கொண்டிருந்ததைச் சாமிநாதையரின் தன்வரலாறான ‘என் சரித்திரம்’ காட்டுகிறது. ஆனால் ஒரு பெரியவரின் உள்ளத்தை மட்டும் நம்பியிருக்கப் பொதுப்பள்ளியால் முடியாது, ஏற்பாடுகள் வேண்டும். பள்ளிகளில் சாதி மோதலைத் தடுக்க அமைந்த நீதியரசர் சந்துரு குழு, 2024இல் தந்த அறிக்கையில், அகரவரிசைப்படி இருக்கை, சாதிக் குறிப்பு இல்லாத வருகைப் பதிவேடு ஆகியவற்றைப் பரிந்துரைத்தது. பார்வைக்கு அற்பமான ஏற்பாடுகள்தாம். எனினும், தெரு பார்த்து நட்பு பிடிக்கும் ஊர்களில் பெஞ்சு மாறினால் பேச்சுத்துணையும் மாறும்.

திறமை உணர்வைப் பாடத்தாலேயே ஊட்டலாம். 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி என்பது டெல்டாவின் நிலக்கணக்கு. கரும்பலகையில் பின்னம் கண்டு விழிக்கும் பிள்ளை, மூன்று மா வயல் வேலியில் எத்தனை பங்கு என்று கேட்டால் வாய் திறக்கக்கூடும். வயல் வேலைக்காரர் வீட்டு அறிவு அந்த ஒரு கணமாவது வகுப்பின் அறிவாகிறது.

பேச்சுக்கு இடம் தரவே பள்ளிகளில் ‘மாணவர் மனசு’ பெட்டிகள் வைக்கப்பட்டன. தலைமையாசிரியர் அறை வாசலில் தொங்கும் பெட்டியில், நாலு பேர் பார்க்க எந்தப் பிள்ளையும் சீட்டுப் போடாது. ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர் உள்ள சிற்றூர்ப் பள்ளியில் தனி ஆலோசகரை எதிர்பார்ப்பதற்கில்லை. அங்கே வருகைப் பதிவு நேரமே கைகொடுக்கும். பெயரை மட்டும் கூப்பிட்டு முடிக்காமல் முகம் பார்த்து, முந்திய நாள் வராததற்குக் காரணம் கேட்கலாம்; கேட்பது விசாரணையாகத் தொனிக்கக் கூடாது. ஆசிரியரின் கைக்கு மீறிய துன்பம் என்று தெரிந்தால் 1098 குழந்தைகள் உதவி எண்ணுக்கோ, கல்வித்துறையின் 14417 எண்ணுக்கோ தெரிவிக்கலாம்.