இரண்டாம் மொழி: நம் முன்னோர் சுமந்த அமானிதம்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்.

மதீனாவில் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் யூதர்களுக்கு மடல்கள் எழுத வேண்டியிருந்தது. அவர்களிடமிருந்து மடல்கள் வரவும் செய்தன. அவற்றை எழுதவும் படித்துச் சொல்லவும் எதிர்த்தரப்பாரையே நம்பியிருப்பது பாதுகாப்பாக இல்லை. எனவே ஸைத் இப்னு ஸாபித் (ரலி) என்னும் இளைஞரிடம், யூதர்களின் எழுத்தைக் கற்குமாறு நபியவர்கள் பணித்தார்கள். அரை மாதம் கடப்பதற்குள் அவர் கற்றுத் தேர்ந்தார் என்பது திர்மிதீயில் பதிவாகியுள்ள செய்தி. பின்னாளில் அபூபக்ர் (ரலி) அவர்களின் ஆட்சியில் குர்ஆனை ஒன்று திரட்டும் பெரும்பொறுப்பும் அவரிடமே ஒப்படைக்கப்பட்டது.

ஒரு மொழியை அறியாத சமுதாயம், அம்மொழியில் எழுதப்பட்ட தன் காரியங்களைப் பிறர் நாவை நம்பியே நடத்த வேண்டியிருக்கும். அவர்களுள் ஒருவர் கற்றாலும் அனைவருக்கும் அது காவலாகும். மொழிகளின் வேறுபாட்டை இறைவனின் அத்தாட்சிகளுள் ஒன்றாகவே குர்ஆன் (30:22) எண்ணுகிறது. ஆகவே பிறமொழி கற்பது நமக்கு அந்நியமான செயலன்று.

நம் மண்ணும் இதற்குச் சான்று பகர்கிறது. எங்கள் சாலவாக்கம் உத்திரமேரூர் வட்டத்தைச் சேர்ந்தது. உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட குடவோலைக் கல்வெட்டுகளை அனைவரும் அறிவோம். அவற்றில் தமிழ்ச் சொற்கள் தமிழ் எழுத்திலும், வடசொற்கள் பல கிரந்த எழுத்திலும் கலந்து நிற்கின்றன. வேற்றுமொழியின் ஒலியைச் சிதையாமல் எழுத வேண்டும் என்ற கவலை அக்காலத்தாருக்கு இருந்திருக்கிறது.

அதே கவலைதான் தமிழ் முஸ்லிம்களிடம் அரபுத்தமிழாக உருவெடுத்தது. அரபி எழுத்தால் தமிழை எழுதும் முறை அது. ப, ட, ங, ழ போன்ற தமிழ் ஒலிகளுக்கு அரபியில் எழுத்தில்லை. எ, ஒ என்னும் உயிர்களுக்கும் குறியில்லை. எனவே உள்ள எழுத்துகளோடு புள்ளிகளையும் குறிகளையும் சேர்த்துப் புதிய எழுத்துகளை நம் முன்னோர் ஆக்கிக்கொண்டனர். தமிழ் எழுத்தை அறியாவிடினும், குர்ஆன் ஓதக் கற்றிருந்த ஆண்களும் பெண்களும் அதன் வழியே மார்க்கச் சட்டங்களைத் தம் தாய்மொழியில் படித்தறிந்தார்கள். கீழக்கரையின் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்கள் இம்முறையில் நூல்கள் இயற்றினார்கள். தமிழகக் கடற்கரையிலும் இலங்கையிலும் அவை ஓதப்பட்டன.

அதற்கும் முன்னர், 17ஆம் நூற்றாண்டில், உமறுப்புலவர் நபிகளாரின் வரலாற்றைச் சீறாப்புராணமாகப் பாடினார். அதற்கு வேண்டிய செய்திகள் அரபி நூல்களிலேயே இருந்தன. அவற்றை ஆலிம்கள் அவருக்கு எடுத்துரைத்தனர் என்பது மரபு வழிச் செய்தி. அரபி கற்றவரும் தமிழ் கற்றவரும் ஒருங்கே அமர்ந்ததால் 5,000க்கும் மேற்பட்ட பாடல்கள் கொண்ட காப்பியம் நமக்குக் கிடைத்தது. அவர்களுள் ஒரு சாரார் இல்லாதிருந்தால் இந்நூல் பிறந்திராது.

20ஆம் நூற்றாண்டில் இப்பணி மேலும் ஒரு படி உயர்ந்தது. ஆ.கா. அப்துல் ஹமீத் பாக்கவி அவர்கள் குர்ஆனைத் தமிழாக்கம் செய்தார்கள். அதன் முதற்பகுதி 1929இல் வெளிவந்தது. அரபி அறியாத தாய்மார்களும் உழவர்களும் இறைவேதத்தின் பொருளைத் தம் வீட்டுத் திண்ணையிலேயே படித்தறிய வழி பிறந்தது. ஒருவருடைய அரபிக் கல்வி எண்ணற்ற குடும்பங்களின் கல்வியாயிற்று.

இன்றைய நம் நிலையை இவ்வரலாற்றோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். மக்தபில் நம் பிள்ளைகள் அரபி எழுத்துகளை அழகாக ஓதுகிறார்கள். ஐவேளைத் தொழுகையில் நாள்தோறும் ஓதும் அல்ஃபாத்திஹாவின் சொற்பொருள் பலருக்குத் தெரிவதில்லை. வளைகுடாவுக்கு வேலை தேடிச் செல்லும் இளைஞர்கள், தமக்குப் புரியாத மொழியில் அச்சான ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறார்கள். ஊதியமும் விடுப்பும் அதில் எவ்வாறு எழுதப்பட்டுள்ளன என்பதைப் பிறர் சொல்லித்தான் அறிகிறார்கள். ஸைத் (ரலி) அவர்களைக் கற்க அனுப்பிய அதே தேவை இன்று நம் வாசலில் நிற்கிறது.

மறுபுறம், அரபியோ ஆங்கிலமோ கற்பதற்காகத் தமிழைக் கைவிடுவதும் நம் முன்னோர் வழியன்று. தமிழை நன்கறிந்திருந்ததால்தான் பிறமொழியில் பெற்றதை அவர்களால் ஊராருக்குப் பகிர முடிந்தது. இன்றோ அரபுத்தமிழ்ச் சுவடி ஒன்றைக் கையில் கொடுத்தால் படிக்கத் தெரிந்தவர் அரிதாகிவிட்டனர். பாட்டனார் எழுதி வைத்ததைப் பேரன் படிக்க இயலாத நிலை, பொருள் இழப்பினும் பெரிய இழப்பாகும்.

ஆகவே ஒவ்வொரு குடும்பமும் எளிய முயற்சி ஒன்றைத் தொடங்கலாம். மஃரிபுக்குப் பின் கால் மணி நேரம், பிள்ளைகளோடு பெற்றோரும் அமர்ந்து, தொழுகையில் ஓதும் சொற்களுள் நாளொன்றுக்கு ஒன்றின் பொருளைக் கற்கலாம். வீட்டில் மூத்தவர்கள் அரபுத்தமிழ் அறிந்திருந்தால், அவர்கள் இருக்கும்போதே அவ்வெழுத்துகளைக் கேட்டு எழுதிக்கொள்ளலாம். கற்றதைக் கல்லாதவருக்கு எடுத்துரைக்கும் வரை அந்த அமானிதம் நம் தோளில்தான் இருக்கும். அதை நிறைவேற்ற அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.