யானை நடந்த வழி: ஆனையிறவிலிருந்து நயினாதீவு வரை

வரலாறு ஏடுகளில் மட்டும் உறைவதன்று. ஊரின் பெயரிலும், துறையின் அமைப்பிலும், வீதியின் போக்கிலும் அது மறைந்து கிடக்கின்றது. சாவகச்சேரியில் வாழும் நாம் கண்டி வீதியை நாள்தோறும் கடக்கின்றோம். ஆயினும் அவ்வீதியின் பழைமையை எண்ணுவோர் மிகச் சிலரே. சொந்த வாகனத்திற் புறப்பட்டு, நினைத்த இடத்தில் நிறுத்திப் பார்ப்பார்க்கு, ஆனையிறவு தொடக்கம் ஊர்காவற்றுறை வரையுள்ள கரைவழி ஒரே நாளிற் படித்து முடிக்கத்தக்க வரலாற்று நூலாகும். அந்நூலின் தலைப்பு யாதெனின், யானை என்பதே.

சாவகச்சேரியிலிருந்து தென்கிழக்கே ஏறத்தாழ 35 கிலோமீற்றர் சென்றால் ஆனையிறவை அடையலாம். இறத்தல் என்னும் சொல்லுக்குக் கடத்தல் என்பதும் பொருளாம். எனவே யானைகள் கடந்த இடம் ஆனையிறவு ஆயிற்று எனல் பொருந்தும். வன்னிக் காடுகளிற் பிடிக்கப்பட்ட யானைகளை ஆழமற்ற பரவைக்கடலில் இறக்கி, இவ்விடத்தாற் குடாநாட்டினுள் ஓட்டி வந்தனர். ஒல்லாந்தர் காலத்தில் இவ்வணிகம் அரசின் பெருவருவாய்களுள் ஒன்றாயிருந்தது. குடாநாட்டின் கிழக்கெல்லையைக் காக்க ஆனையிறவு, பெஸ்கூட்டர், பைல் என மூன்று காவற்கோட்டைகளை அவர்கள் வைத்திருந்ததும் இவ்வழியின் மதிப்பைக் காட்டும்.

ஆனையிறவிலிருந்து யானைகள் யாழ்ப்பாணம் சென்ற வழி எது? நிலத்தின் அமைப்பை நோக்குமிடத்து, அவை பெரும்பாலும் தென்மராட்சியூடாகவே நடந்திருத்தல் வேண்டும். ஒரு புறம் வடமராட்சிக் கடனீரேரியும் மறு புறம் யாழ்ப்பாணக் கடனீரேரியும் நெருக்க, இடைப்பட்ட மேட்டுநிலமே இயல்பான பாதையாய் அமைகின்றது. ஆதலின் பளை, மிருசுவில், கொடிகாமம், சாவகச்சேரி என நாம் இன்று வாகனத்தில் விரையும் வழி, அன்று பாகரும் யானைகளும் மெல்ல நடந்த வழியென உய்த்துணரலாம். 1672 ஆம் ஆண்டிலே தம் நூலை வெளியிட்ட ஒல்லாந்தப் பாதிரியார் பல்தேயு, தென்மராட்சித் தேவாலயங்களைக் கூறுமிடத்து நாவற்குழி, சாவகச்சேரி, வரணி ஆகியவற்றையும் குறித்திருத்தலால், நம்மூர் அக்காலத்தே அறியப்பட்ட ஓர் ஊராய் விளங்கியமை தெளிவு.

நாவற்குழிப் பாலத்தைக் கடந்து யாழ்ப்பாணக் கோட்டையை அடைவோம். 1619 இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் இங்கே கோட்டை கட்டினர். 1658 இல் அதனை வென்ற ஒல்லாந்தர், பின்னர் ஐங்கோண வடிவில் அதனைத் திருத்தியமைத்தனர். யாழ்ப்பாணத்து யானைச் சந்தைக்குக் கோல்கொண்டா முதலிய நாடுகளின் வணிகர் வந்து கூடினர். யானையின் உயரத்தை முழக்கணக்கில் அளந்து விலை பேசினர் என்ப.

பண்ணைப் பாலத்தால் வேலணைத்தீவுக்குச் சென்று, அதன் வடமேற்கு முனையை எய்தினால் ஊர்காவற்றுறை தோன்றும். ஐரோப்பியர் இதனை வழங்கிய பெயர், கப்பற்றுறையைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லினின்றும் பிறந்தது. எதிரே காரைநகருக்கும் இதற்கும் இடையில், நீர் நடுவே கடற்கோட்டை நிற்கின்றது. இலங்கையின் வடிவைப் பன்றித் தொடையாகக் கண்ட ஒல்லாந்தர், அதன் குதிப்பகுதியில் நின்ற இக்கோட்டைக்கு அப்பொருள்படவே ஹம்மன்கீல் எனப் பெயரிட்டனர். 1658 இல் இதனைக் காத்த போர்த்துக்கேயர் வாளுக்கு அஞ்சிச் சரணடைந்தாரல்லர். நன்னீர்த் தொட்டி அழிந்தமையாலேயே சரணடைந்தனர். கடல் சூழ்ந்த கோட்டையின் உயிர் ஒரு தொட்டி நீரில் இருந்ததென்பது சிந்திக்கத்தக்கது.

இனி வாகனத்தைக் குறிகட்டுவானில் விட்டுப் படகேறி நயினாதீவு செல்ல வேண்டும். அங்கு நாகபூஷணி அம்மன் கோயிலில் ஒரு கல்வெட்டு உளது. அது 1153 முதல் 1186 வரை பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணையாகும். பேராசிரியர் கா. இந்திரபாலா அதனை ஆராய்ந்து 1963 இல் வெளியிட்டார். பிறநாட்டார் ஊராத்துறையில் வந்து தங்கவேண்டும் என்றும், அவர்கள் காக்கப்படவேண்டும் என்றும் அது விதிக்கின்றது. யானையும் குதிரையும் கொணரும் மரக்கலம் உடைந்தால் காற்பங்கு அரசுக்கு, முக்காற்பங்கு உடையவர்க்கு. வணிகச் சரக்கு ஏற்றிய மரக்கலம் உடைந்தால் பாதி அரசுக்கு, பாதி உடையவர்க்கு.

இங்கே ஒரு வினா எழும். யானை மலிந்த இலங்கைக்கு யானை கொணர்வானேன்? இவ்வரசன் காலத்தில் பர்மிய நாட்டோடு யானை வணிகம் பற்றிப் பிணக்கு மூண்டு, கடற்படை சென்றதைச் சூளவம்சம் கூறுகின்றது. ஆகவே கீழ்நாட்டு யானைகளை அரசர் விரும்பிப் பெற்றமை அறியலாம். 12 ஆம் நூற்றாண்டில் யானையை வரவேற்ற துறையே 17 ஆம் நூற்றாண்டில் யானையை வழியனுப்பியது. மற்றொன்றும் கருதற்பாலது: சிங்கள அரசன் ஒருவனது ஆணை தமிழிற் பொறிக்கப்பட்டுள்ளது. துறையில் வழங்கிய மொழியிலேயே துறைக்குரிய சட்டத்தைச் சொல்லுதல் அறிவுடைய ஆட்சியின் இயல்பன்றோ!

திரும்பும் வழியில் நாவற்குழியில் சிறிது நிற்றல் வேண்டும். 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் நாள் தொடங்கி, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் இப்பாலத்தைக் கடந்து நம்மூரை நோக்கி வந்தனர். யானைகள் மேற்கே சென்ற வழியில் மக்கள் கிழக்கே நடந்தனர். 2000 ஆம் ஆண்டில் ஆனையிறவிலும் சாவகச்சேரியிலும் போர் நிகழ்ந்தபோது, அடைக்கலம் தந்த ஊரே அடைக்கலம் தேடிற்று; நகர் இடிபாடாயிற்று. ஆனையிறவுப் பழங்கோட்டை ஆங்கிலேயர் காலத்தில் தங்குமனையாகி, நம் முதியோர் பலர் கண்ட கட்டிடமாயிருந்தது. அதுவும் போரில் அழிந்தது. எண்ணூறு ஆண்டுக்கு மேற்பட்ட நயினாதீவுக் கல் நிலைத்திருக்க, நம் கண்முன் நின்ற கட்டிடம் ஒரு தலைமுறைக்குள் மறைந்ததென்றால், எஞ்சியவற்றைப் பற்றி நாம் வாளாவிருத்தல் தகுமோ?

மாணவர்காள்! விடுமுறை நாளொன்றில் பெற்றோரோடோ ஆசிரியரோடோ இவ்வழியே சென்று வருக. கையில் ஒரு குறிப்பேடு இருக்கட்டும். இடிந்த சுவரை அளந்தெழுதுக, படம் பிடிக்க, பழைய தங்குமனையைக் கண்ட முதியவரிடம் அதன் அறைகளையும் தூண்களையும் கேட்டறிக. கல் அழிந்தாலும் கண்டவர் சொல் எழுத்தில் நிற்கும். யானைகள் போயின, அவற்றை விற்றவரும் வாங்கியவரும் போயினர், பெயரொன்றே எஞ்சியது. அப்பெயருக்குப் பொருள் சொல்ல வல்லார் நம்மூரில் என்றும் இருத்தல் வேண்டும்.