புதுச்சேரி எய்தாத தளபதி



வெருகலாறு கடலோடு கலக்குமிடத்திலிருந்து கரையோரமாக வடக்கே சென்றால் கொட்டியாரக் குடா. அதனை அடுத்துத் திருகோணமலைத் துறைமுகம். 1782ஆம் ஆண்டில் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் சுப்ரேன் இத்துறைமுகத்தை ஆங்கிலேயரிடமிருந்து கைப்பற்றினார். போர் முடிந்தபின் அஃது ஒல்லாந்தர்க்கு மீண்டது. 1795இல் மறுபடியும் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1802ஆம் ஆண்டின் ஆமியேன் உடன்படிக்கை இலங்கையிலிருந்த ஒல்லாந்தர் பகுதிகளை ஆங்கிலேயர்க்கே உரியனவாக்கிற்று. புதுச்சேரியையோ பிரான்சுக்குத் திருப்பித் தருமாறு விதித்தது.

அப்புதுச்சேரியைப் பொறுப்பேற்க நெப்போலியன் அனுப்பிய தளபதியே சார்ள் தெகான். 1769இல் கான் நகரிற் பிறந்தவர்; 1800இல் ஓகன்லிண்டன் போரிற் புகழ் பெற்றவர். 1803 யூலை 11ஆம் நாள் இவர் புதுச்சேரிக் கடலை அடைந்தார். ஆங்கிலேயர் நகரை ஒப்படைக்கவில்லை. அவர்தம் போர்க்கப்பல்களோ அண்மையிலேயே நின்றன. மறுநாளே, போர் மூளக்கூடும், பிரான்சுத் தீவுக்குச் செல்க என்னும் ஆணை வந்தது. அன்றிரவே இருளிற் பாய்விரித்துச் சென்றார் தளபதி. முன்னரே கரையிறங்கிய சிறுபடை பின்னர் ஆங்கிலேயரிடம் சரணடைந்தது.

பிரான்சுத் தீவு என்பது இன்றைய மொரிசியசு. புதுச்சேரித் தமிழ்க் கைவினைஞர் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே குடியேறிய இடம் அது. அங்கே தெகான் ஏழாண்டு ஆண்டார். பிரெஞ்சுக் குடியியற் சட்டத்தை நடைமுறைப்படுத்தினார். ஆயினும் அடிமைமுறையை அவர் அகற்றவில்லை. ஒழுகும் சிறு கலத்தில் உதவி நாடி வந்த கடலாய்வாளர் மத்தியூ பிளிண்டர்சையும் ஆறாண்டுக்கு மேலாகத் தடுத்துவைத்தார்.

1810ஆம் ஆண்டின் இறுதியில் ஆங்கிலப் பெரும்படை தீவில் இறங்கியது. அப்படையிற் சென்னை மாகாணச் சிப்பாய்களும் இருந்தனர். திசம்பர் 3ஆம் நாள் தெகான் பணிந்தார். எனினும், குடிமக்களின் சமயமும் சட்டமும் வழக்கமும் காக்கப்படும் என்ற உறுதியைப் பெற்ற பின்னரே பணிந்தார். பின்னர்க் கற்றலோனியாவிற் படைநடத்திய அவர், 1832இற் காலமானார்.

தோற்றவர் வரலாற்றைப் படிப்பதனாற் பயன் யாது என மாணவர் வினவுவதுண்டு. தெகானின் படை நிலைபெறவில்லை. அவர் நாட்டிய சட்டமோ மொரிசியசின் குடியியற் சட்டத்துக்கு இன்றும் அடிப்படையாய் உளது. ஆனால் அடிமைப்பட்டோர்க்கு அச்சட்டம் அன்று விடுதலை அளிக்கவில்லை. நம் வாயிலிலுள்ள துறைமுகத்தின் உரிமையும், நம்மவர் எவரும் அமராத ஓர் அவையிலேதான் முடிவாயிற்று. ஒரு சட்டம் யார் பொருட்டு எழுதப்பட்டது, அதனை எழுதியபோது யாரைக் கேட்டனர் என்று வினவ மாணவர் கற்பாராயின், அதுவே இவ்வரலாற்றின் பயனாகும்.