பிரக்யான் (நிலவு ஊர்தி)

இஸ்ரோவின் சந்திரயான்-3 திட்டத்தில் நிலவுத் தரையில் ஓடிய ஆறு சக்கர ரோவர். எடை 26 கிலோ; வேகம் நொடிக்கு ஒரு சென்டிமீட்டர். பூமியோடு நேரடியாகப் பேசாது, தன்னைச் சுமந்துபோன விக்ரம் தரையிறங்கிக்கலத்தின் வழியாகவே தகவல் அனுப்பும்.

பிரக்யானை வேற்றுக் கோளில் ஓடிய ஊர்தி என்று சொல்ல முடியாது: நிலவு கோளல்ல, துணைக்கோள். வேற்றுக் கோள் என்றால் செவ்வாய்தான்; அங்கே ரோவர் ஓட்டியவை அமெரிக்காவும் (1997, சோஜர்னர்) சீனாவும் (2021, சூரோங்) மட்டுமே. இந்தியாவின் மங்கள்யான் 2014இல் செவ்வாயைச் சுற்றியதோடு சரி. நிலவில் இந்த வேலையைத் தொடங்கிவைத்தது சோவியத் ஒன்றியம்: 1970இல் லூனாகோட்-1.

சந்திரயான்-2க்காக 2007இல் போட்ட ஒப்பந்தப்படி தரையிறங்கிக்கலம் ரஷ்யாவின் பொறுப்பு. 2011இல் அதன் ஃபோபஸ்-கிரண்ட் விண்கலம் தோற்றது. காலக்கெடு தள்ளிக்கொண்டே போனது. கடைசியில் எல்லாவற்றையும் இஸ்ரோவே செய்வதென்று ஆனது.

ரோவரை ஓட்டிப் பார்க்க நிலவு மண் வேண்டுமே! அதுவும் டன் கணக்கில். நிலவின் மேட்டுநிலங்களில் இருப்பது அனார்த்தசைட் பாறை. நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிகளிலும் அதுவே கிடக்கிறது. சேலம் பெரியார் பல்கலைக்கழகப் புவியியலாளர்கள் அடையாளம் காட்ட, அந்தக் கல்லை அரைத்து நிலவு மண்ணின் பதத்துக்குக் கொண்டுவந்தார்கள். 2012 முதல் ஏறக்குறைய 50 டன் பெங்களூருவுக்குப் போனது. நிலவின் ஈர்ப்பு பூமியின் ஈர்ப்பில் ஆறில் ஒரு பங்கு என்பதால், ஊர்தியின் எடை குறைந்து தெரிய ஹீலியம் பலூனில் கட்டி ஓட்டிப் பார்த்தார்கள்.

முதல் பிரக்யான் ஓடவே இல்லை. 2019 செப்டம்பர் 7 அதிகாலை சந்திரயான்-2இன் விக்ரம் மோதி நொறுங்கியபோது அது உள்ளேதான் இருந்தது. நாசா படங்களை அலசிச் சிதறலை முதலில் கண்டுபிடித்தவர் சென்னையில் வேலைபார்த்த மதுரைக்காரரான பொறியாளர் சண்முக சுப்பிரமணியன்.

இரண்டாவது, விழுப்புரத்துக்காரர் ப. வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-3இல் போனது. 2023 ஆகஸ்டு 23, மாலை 6.04க்குத் தென்துருவப் பகுதியில் விக்ரம் இறங்க, சாய்தளம் வழியே ரோவர் உருண்டு இறங்கியது. 27ஆம் தேதி, மூன்று மீட்டர் முன்னால் நான்கு மீட்டர் அகலப் பள்ளம் ஒன்றைக் கண்டு, வந்த தடத்திலேயே திரும்பியது. பின்சக்கரங்களில் பொறித்திருந்த அரசுச் சின்னம் மண்ணில் துலக்கமாகப் பதியவில்லை.

மொத்தம் ஓடியது 100 மீட்டரை ஒட்டித்தான். செவ்வாயில் ஆப்பர்சூனிட்டி 45 கிலோமீட்டர் ஓடியதை வைத்து இதை எடைபோடுவது சரியல்ல. பிரக்யானுக்குக் கொடுத்த ஆயுளே ஒரு நிலவுப் பகல், அதாவது பூமிக்கணக்கில் 14 நாள். அதற்குள் கந்தகம் இருப்பதை உறுதிசெய்தது. 23 இடங்களில் மண்ணின் கூறுகளை அளந்தது. அகமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சிக் கூடத்தினர் 2024இல் வெளியிட்ட முடிவின்படி அந்த மண் இரும்பு கலந்த அனார்த்தசைட் வகை. நிலவு ஒருகாலத்தில் பாறைக்குழம்புக் கடலாக இருந்தது என்ற கருத்துக்கு இது வலுச்சேர்க்கிறது. சித்தம்பூண்டிக் கல்லைத் தேர்ந்தவர்களின் கணிப்பும் பொய்க்கவில்லை.

செப்டம்பர் 2 அன்று உறக்கநிலையில் வைக்கப்பட்ட ரோவர், கடுங்குளிர் இரவுக்குப் பின் 22ஆம் தேதி எழுப்பியபோது பதில் தரவில்லை. உள்ளே வெப்பமூட்டும் ஏற்பாடு கிடையாது.

தென்கோடித் தமிழகத்துக்கும் இதில் பங்குண்டு. சந்திரயான்-3ஐத் தூக்கிப்போன எல்விஎம்-3 ராக்கெட்டின் கிரையோஜெனிக் எஞ்சின், நெல்லை மாவட்டம் மகேந்திரகிரியில் சோதிக்கப்பட்டது. அதே தென்கோடியில், முத்துக்குளித்துறைக் கரையில், தசராவுக்குப் பேர்போன குலசேகரன்பட்டினத்தில் (குலசை) இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று தூத்துக்குடி விழாவில் அடிக்கல் நாட்டப்பட்டது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே ஏவினால் இலங்கையைத் தவிர்க்க வளைந்து போக வேண்டும், எரிபொருள் வீண். குலசையிலிருந்து நேர் தெற்கே கடல்தான்.

ஆனால் குலசையிலிருந்து ரோவர் கிளம்பும் என்று எண்ணிவிட வேண்டாம். அது 500 கிலோவை 500 கிலோமீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோகும் எஸ்எஸ்எல்வி ராக்கெட்டுக்கான தளம்; விக்ரம் மட்டுமே 1,700 கிலோவுக்கு மேல். சந்திரயான்-5இல் போகவிருக்கும் 250 கிலோ ரோவரை ஏற்றிச்செல்லத் திட்டமிட்டிருப்பது ஜப்பானின் எச்-3 ராக்கெட்.