அன்னையர்க்கு அறிவுரை கூறியோர்

மழைக்காலத்திலே உப்புப் போத்தலுக்குள் சில அரிசிமணிகளை இட்டு வைத்தால் உப்பு நீர்த்துப் போகாது. பயறு வைத்த தகரப் பேணிக்குள் உலர்ந்த வேப்பிலையும் செத்தல் மிளகாயும் இட்டால் வண்டு அணுகாது. உணவு அலுமாரியின் கால்களை நீர் வார்த்த கிண்ணங்களில் நிறுத்தினால் எறும்பு ஏறாது. இவ்வுபாயங்களை முதன்முதற் கண்டவர் யார் என்று எவரும் ஆராய்ந்ததில்லை. தாய் செய்ததை மகள் பார்த்தாள், மாமி செய்ததை மருமகள் பார்த்தாள், அவ்வளவே. அறிவுரை சொன்னவளும் அதே அடுப்பின் புகையிலே கண் கலங்கியவளாதலால், அவள் சொல் பலிக்குமோ பலிக்காதோ என்ற ஐயத்துக்கும் இடமிருக்கவில்லை.

அச்சு யந்திரமும் சஞ்சிகைகளும் பெருகிய பத்தொன்பதாம் நூற்றாண்டிலே, மேல்நாடுகளில் இந்நிலை மாறலாயிற்று. முகமறியாத ஒருவர், முகமறியாத ஆயிரமாயிரம் அன்னையர்க்கு வீட்டு வேலையைச் சுருக்கும் வழி இதுவென நூல் எழுதி விற்கும் வழக்கம் வேரூன்றியது. அந்நூல்கள் என்ன கூறின என்பது ஒருபுறமிருக்க, அவற்றை எழுதியோர் யார், அவர்தம் வீட்டிலே சமைத்தவர் யார் என்று நோக்குமிடத்து இவ்வரலாறு மிக்க சுவையுடையதாகின்றது.

அமெரிக்காவிலே இத்துறைக்கு அடிகோலியவர்களுள் முதன்மையானவர் கதரின் பீச்சர் அம்மையார். இவர் 1800ஆம் ஆண்டிலே பிறந்தவர். இவருக்கு மணமகனாக நிச்சயிக்கப்பட்டிருந்தவர் யேல் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் ஒருவர். 1822இல் அவர் சென்ற கப்பல் அயர்லாந்துக் கரையில் உடைந்து அவர் மாண்டுபோகவே, கதரின் பின்னர் மணம் செய்துகொள்ளவேயில்லை. பெண்களுக்குப் பாடசாலை நிறுவினார். ஊரூராய்ச் சென்று பெண்கல்விக்காகப் பேசினார். பெரும்பாலும் உற்றார் வீடுகளிலே தங்கிக் காலங் கழித்தார். தமக்கென ஒரு வீடும் பிள்ளைகளும் இல்லாத இவரே 1841இல் இல்லப் பொருளாட்சி பற்றிய பெருநூலை வெளியிட்டு, ஒரு தலைமுறை அமெரிக்க இல்லத்தரசிகளுக்கு ஆசானாக விளங்கினார். பின்னர் 1869இல், ‘அங்கிள் ரொம்ஸ் கபின்’ நாவலால் உலகப் புகழ் பெற்ற தம் தங்கை ஹரியற் ஸ்டோவுடன் சேர்ந்து இன்னொரு நூலும் எழுதினார்.

அந்நூலிலே அவர் காட்டிய உவமை சிறப்பானது. நீராவிக் கப்பலின் சமையலறையைப் பாருங்கள் என்கிறார். இருநூறு பேருக்குச் சமைக்கும் சாமான்கள் யாவும் ஒரு சிற்றறையில் அடங்கியிருக்கின்றன. சமையற்காரன் ஓரிரண்டு அடி எடுத்து வைத்தால் எதனையும் எட்டி எடுத்துவிடுகிறான். வீட்டிலோ மா ஒரு மூலையில், நீர்த்தொட்டி மறு மூலையில், அடுப்பு வேறோர் அறையில். அமெரிக்க அன்னை நாள் முழுதும் நடந்து களைப்பது சமையலால் அன்று, தூரத்தால் என்பது அவர் கண்ட உண்மை. இது மெய்யாகவே ஒரு கண்டுபிடிப்புத்தான். பின்னர் வந்தோர் பலரும் இதனையே வெவ்வேறு முறையில் விரித்துக் கூறினர்.

இங்கிலாந்திலே இதே காலத்தில் இசபெல்லா பீற்றனின் நூல் வெளிவந்தது. 1859 முதல் மாதப் பகுதிகளாய் வந்து 1861இல் முழு நூலாக உருப்பெற்ற இந்நூல், முதலாண்டிலேயே அறுபதினாயிரம் பிரதிகள் விற்பனையாயிற்று. இல்லத் தலைவியைப் படைத்தலைவனுக்கு ஒப்பிட்டுத் தொடங்கும் இதனைக் கையிலெடுத்தவர், எழுதியவர் நரை மூத்த பாட்டியார் என்றே எண்ணியிருப்பர். எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது இருபத்தொன்று. கணவர் பதிப்பாளர், சமையற் குறிப்புகளிற் பெரும்பாலானவை பழைய நூல்களிலிருந்தும் வாசகியரின் கடிதங்களிலிருந்தும் எடுக்கப்பட்டவை. முதற் பிள்ளைகள் இருவரைச் சாகக் கொடுத்து, 1865இல் நான்காவது மகவைப் பெற்ற சில நாட்களிற் பிரசவக் காய்ச்சலால் அவர் இறந்தார், வயது இருபத்தெட்டு. அவர் பெயரில் நூல்கள் மட்டும் தொடர்ந்து வந்துகொண்டிருந்தன. பிள்ளை நோய்க்கும் வீட்டுச் சுகாதாரத்துக்கும் அவர் நூலிலே வழி தேடிய அன்னையர் எத்தனை பேருக்கு இது தெரிந்திருக்கும்?

இவ்விருவரும் வேலையை எப்படிச் செய்வது என்று சொன்னார்கள். அதனை அவள் தனியே ஏன் செய்யவேண்டும் என்று கேட்டவர் ஒருவரும் அக்காலத்தில் இருந்தார். அவர் அமெரிக்காவின் கேம்பிறிட்ஜ் நகரத்து மெலூசினா பியேர்ஸ். தத்துவ அறிஞர் சார்ள்ஸ் பியேர்ஸின் மனைவி. பத்து வீட்டிலே பத்துப் பெண்கள் பத்து அடுப்பு மூட்டிப் பத்துத் தொட்டியிலே துணி தோய்ப்பது வீண் என்றும், ஒரு தெருவுப் பெண்கள் கூடிப் பொதுச் சலவைச்சாலையும் பேக்கரியும் பண்டசாலையும் நடத்தி, செய்த வேலைக்குரிய கூலியைத் தத்தம் கணவரிடமே அறவிடலாம் என்றும் அவர் எழுதினார். எழுதியதோடு நில்லாமல் 1870இல் அங்கு ஒரு கூட்டுறவுச் சங்கத்தையும் நடத்திப் பார்த்தார். மறு ஆண்டிலேயே அது மூடப்பட்டது. கணவன்மார் பலருக்கு அது பிடிக்கவில்லை என்பதே முதற் காரணம். இல்லறக் குறிப்புகளின் வரலாற்றிலே இவர் பெயர் நெடுங்காலம் இடம்பெறாமற் போனது வியப்பன்று. அவர் சொன்னது குறிப்பு அன்று, கணக்கு.

இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது தொழிற்சாலைகளிலே புதிய ஒரு சாத்திரம் எழுந்தது. பிரெடெரிக் ரெயிலர் என்பவர் 1911இல் எழுதிய நூலினால் அது உலகெங்கும் பரவியது. தொழிலாளி ஒவ்வொரு முறையும் எத்தனை முறை குனிகிறான், எத்தனை நொடி செலவிடுகிறான் என்று கடிகாரம் பிடித்து அளந்து, வேண்டாத அசைவை நீக்குவதே அதன் நெறி. பிராங் கில்பிறெத் என்ற கட்டடக்காரர் ஒரு செங்கல்லை அடுக்குவதற்கு வேண்டிய பதினெட்டு அசைவுகளை ஐந்தாகக் குறைத்துக் காட்டினார். இச்செய்தியைக் கேட்ட கிறிஸ்டின் பிரெடெரிக் என்ற இல்லத்தரசி, செங்கல்லுக்குப் பொருந்துவது கோப்பை கழுவுவதற்குப் பொருந்தாதா என்று சிந்தித்தார். 1912இல் மாதர் சஞ்சிகையொன்றிலே அவர் கட்டுரைகள் வெளிவந்தன. கழுவுந் தொட்டி உயரம் குறைந்திருந்தால் முதுகு நோகும்; ஆதலால் ஒவ்வொரு பெண்ணின் உயரத்துக்கும் ஏற்ப அது அமைதல் வேண்டும். சமைப்பதற்குரிய பொருள்கள் ஒரு வரிசையிலும் கழுவி அடுக்குவதற்குரியவை மறு வரிசையிலும் இருந்தால், போகும் வழியும் வரும் வழியும் ஒன்றையொன்று வெட்டா. இவர் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே எழுதியவராதலின் அவர் சொல்லிலே அனுபவத்தின் சூடு இருந்தது. ஆயினும் 1929இல் அவர் எழுதிய நூல் அன்னையரை நோக்கியதன்று. அன்னையர்க்குப் பொருள்களை விற்கும் முறையை உற்பத்தியாளர்க்குச் சொல்லிக் கொடுப்பது.

செங்கல் அசைவைக் குறைத்த கில்பிறெத்தின் மனைவி லில்லியனின் கதை எல்லாவற்றிலும் வியப்புக்குரியது. உளநூலிலே பட்டம் பெற்ற இவர், கணவரோடு சேர்ந்து தொழிற்சாலைகளை ஆராய்ந்து வந்தார். பன்னிரண்டு பிள்ளைகள் பெற்று ஒன்றைச் சிறு வயதிலேயே இழந்தவர். 1924இல் பிராங் திடீரென மாரடைப்பால் இறந்தார். அவர் பேசவிருந்த மாநாடுகளிலே பேசுவதற்காகச் சில நாட்களுள் லில்லியன் ஐரோப்பாவுக்குக் கப்பலேறினார். திரும்பி வந்தபோது, கணவர் இருந்தவரை இருவரையும் நாடிய கம்பனிகள் பல, பெண்ணொருத்தியைத் தனியே அமர்த்த விரும்பாது விலகிவிட்டன. பதினொரு பிள்ளைகளுக்கு உணவு வேண்டும், படிப்பு வேண்டும். தொழிற்சாலைக் கதவு அடைபட்ட நிலையிலே, பெண்ணுக்குரிய இடமென்று உலகம் ஒப்புக்கொண்ட ஓரிடத்தை அவர் தெரிந்தெடுத்தார். அதுதான் அடுக்களை.

1929இல் புரூக்லின் வாயுக் கம்பனிக்காக அவர் அமைத்துக் காட்டிய மாதிரி அடுக்களையிலே, ஒரு ஸ்ட்ரோபெரி கேக் செய்வதற்குப் பழைய முறையில் 281 அடி நடக்கவேண்டியிருந்தது 45 அடியாகக் குறைந்தது. காலால் மிதித்தாற் மூடி திறக்கும் குப்பை வாளியும், குளிர்சாதனப் பெட்டியின் கதவுக்குள் அமைந்த தட்டுகளும் அவரால் வந்தவை என்பர். அவர் வீட்டு அடுக்களையோ பழைய கோலத்திலேயே இருந்தது. அங்கே சமைத்தவர் அவ்வீட்டிற் பல்லாண்டு வேலை செய்த ஓர் ஆடவர். அம்மையாருக்குச் சமையல் அவ்வளவாக வராது. இதனைக் கேட்டு நகைப்போர் உண்டு. நகைப்பது நியாயமாகாது. அலுவல் மிகுந்த அன்னையர்க்கு அறிவுரை கூறியோர் அனைவரிலும் அலுவல் மிகுந்த அன்னை அவரே. கூலிக்கு ஒருவர் அவர் வீட்டிற் சமைத்ததனால் அன்றோ அவர் ஊரார் வீட்டு நடையை எண்ண முடிந்தது!

இனி, பிறக்கவேயில்லாத ஓர் ஆலோசகியும் உண்டு. கொழும்பிலே 1925 டிசெம்பர் 16ஆம் நாள் வானொலி ஒழுங்காகத் தொடங்கி ஓராண்டு நிறையுமுன், 1926 ஒக்டோபரில், அமெரிக்க விவசாயத் திணைக்களம் இல்லத்தரசிகளுக்கென ஒரு நிகழ்ச்சியைத் தொடங்கியது. அந்நாட்டுக்குச் செல்லப் பெயரான சாம் மாமாவின் மனைவி என்று பாவனை செய்து, அதிற் பேசியவளுக்குச் சமி மாமி எனப் பெயரிட்டனர். வாஷிங்டனிலே எழுதப்பட்ட ஒரே உரையைச் சுமார் ஐம்பது நிலையங்களில் ஐம்பது பெண்கள், தத்தம் ஊர் உச்சரிப்பிலே, ஒரே வேளையில் மாமியாய் நின்று வாசித்தனர். கறை போக்குவது எப்படி, மிஞ்சிய இறைச்சியை என் செய்வது, இன்றைய இராச் சாப்பாட்டுக்கு என்ன என்பனவெல்லாம் மாமியின் பேச்சிலே வந்தன. மாமிக்குக் கடிதங்கள் குவிந்தன. 1927இல் அவள் சமையற் குறிப்புகள் நூலாயின. 1932இல் பார்வையற்றோர் தடவிப் படிக்கும் பிறெயில் எழுத்திலும் அவை வெளிவந்தன. தனிப் பண்ணைவீட்டிலே பேச்சுத்துணையின்றி இருந்த பெண்ணுக்கு, பாத்திரம் கழுவும்போது ஒரு குரல் கேட்டதே பெரிதாயிருந்திருக்கும்.

கிறிஸ்டின் பிரெடெரிக்கின் நூல் 1920களின் தொடக்கத்தில் ஜேர்மன் மொழியில் வந்தது. முதல் மகாயுத்தத்தின் பின் வீடுகள் போதாமல் நெருக்குண்ட ஜேர்மனியிலே, பிராங்பேர்ட் நகரசபை தொழிலாளர்க்கு வீடுகளைக் கட்டிக்கொண்டிருந்தது. அவ்வீடுகளுக்கு அடுக்களை அமைக்கும் பொறுப்பு வியன்னாவைச் சேர்ந்த மார்கரெட்டே லிஹொட்ஸ்கி என்ற கட்டடக் கலைஞரிடம் 1926இல் வந்தது. கப்பற் சமையலறையைக் கதரின் பார்த்தது போல, இவர் புகையிரதச் சமையற் பெட்டியைப் பார்த்தார். ஏறத்தாழ இரண்டு மீற்றர் அகலமும் மூன்றரை மீற்றர் நீளமும் கொண்ட அறையிலே யாவும் அடங்கின. சுவரிலே மடித்து வைக்கும் அழுத்திப் பலகை, சுழலும் இருக்கை, பிடியும் மூக்கும் உடைய அலுமினிய இழுப்புப் பெட்டிகள், புழு அணுகாதிருக்க மாவுக்கு மட்டும் ஓக் மரப் பெட்டி. ஈ நீல நிறத்தை நாடாதென்று கருதி நீலச் சாயமும் பூசப்பட்டது. ஏறத்தாழப் பத்தாயிரம் வீடுகளில் இது பொருத்தப்பட்டது. இதனை அமைத்த காலத்தில் தாம் சமைத்தறியாதவர் என்று அவரே பிற்காலத்தில் வெளிப்படையாகச் சொன்னார். பின்னர் நாஜிகளை எதிர்த்துச் சிறையிருந்து, 2000ஆம் ஆண்டிலே, நூற்று மூன்றாம் பிறந்தநாளுக்குச் சில நாட்களின் முன் இறந்த அவர், எவரைச் சந்தித்தாலும் அந்த அடுக்களையைப் பற்றியே கேட்கிறார்களே என்று சலித்துக்கொண்டதுமுண்டு.

குடிவந்த பெண்கள் சொன்ன குறைகளும் பதிவாகியுள்ளன. அலுமினியப் பெட்டிகள் குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் இருந்தன. அறை ஒருவருக்கென அளக்கப்பட்டதாதலின் மகளோ கணவனோ உள்ளே வந்து கைகொடுக்க இடமிருக்கவில்லை.

இத்தனை அறிவுரைக்கும் பொறிகளுக்கும் பின், அன்னையின் வேலை எவ்வளவு குறைந்தது? ஜோஆன் வனெக் என்ற ஆய்வாளர் அமெரிக்க நேரக் கணக்குகளைத் திரட்டி 1974இல் விடை சொன்னார். வெளியே தொழில் செய்யாத இல்லத்தரசி 1920களில் வாரத்துக்குச் சுமார் 52 மணி நேரம் வீட்டு வேலை செய்தாள். 1960களில் சுமார் 55 மணி நேரம் செய்தாள். நடுவிலே சலவை யந்திரம் வந்திருந்தது, குளிர்சாதனப் பெட்டி வந்திருந்தது, 281 அடி 45 ஆகியிருந்தது.

இப்புதிருக்கு ரூத் கோவன் என்ற வரலாற்றாசிரியர் 1983இல் எழுதிய நூல் விளக்கந் தருகின்றது. பழைய வீட்டிலே வேலை பலருடையதாயிருந்தது. விறகு பிளந்தவன் கணவன்; நீர் சுமந்தவர் பிள்ளைகள். இரும்பு அடுப்பும் பின்னர் வாயு அடுப்பும் வந்தபோது விறகு பிளக்கும் வேலை ஒழிந்தது. அடுப்படியில் நின்றவள் அங்கேயே நின்றாள். ஒரே பானையில் வெந்த உணவு மூன்று நான்கு வகையாய்ப் பெருகவும் செய்தது. சலவை யந்திரம் வந்ததும் சலவைக்காரி வருவதை விட்டாள். வாரத்துக்கு ஒருமுறை மாற்றிய உடுப்பை நாள்தோறும் மாற்றலாயினர். மோட்டார் வண்டி வந்தபின், முன்பு வாசலுக்கே வந்துகொண்டிருந்த மளிகைக்காரரும் வைத்தியரும் வராமற் போயினர். பிள்ளையை வைத்தியரிடமும் பாடசாலைக்கும் ஏற்றிச் சென்று, வரும் வழியிற் கடைக்கும் போய்ச் சாமான் வாங்கி வரும் வேலை அன்னையின் கைக்கு வந்து சேர்ந்தது.