மைசூர் கருநாடகமான வரலாறு

தம் நாடு ஒன்றுசேர்ந்த பின்னும் அதற்குத் தம் பெயரை இடுவதற்குக் கன்னட மக்கள் பதினேழு ஆண்டுகள் காத்திருந்தனர். ஏன் என்று நாம் வினவுதல் வேண்டும்.

1947 ஆம் ஆண்டில் பாரதம் விடுதலை பெற்றபோது, சிற்றரசுகளை விட்டுவிடினும், கன்னடம் பேசுவோர் ஐந்து ஆட்சிகளின் கீழ்ச் சிதறுண்டு கிடந்தனர். மைசூர் சமஸ்தானத்தார் ஒருபால். பெல்காம், பிஜப்பூர், தார்வார், வட கன்னடம் ஆகியன பம்பாய் மாகாணத்தில். பெல்லாரியும் தென் கன்னடமும் கொள்ளேகாலமும் சென்னை மாகாணத்தில். குல்பர்கா, ராய்ச்சூர், பீதர் ஆகியன நிஜாமின் ஐதராபாத்தில். குடகு தனித்தொரு சிறு மாகாணம்.

ஒன்றுபடும் வேட்கை முதலில் வலுத்தது மைசூரிலன்று, தார்வாரிலேயே. மராத்தியின் செல்வாக்கில் தம் மொழி ஒடுங்குவதைக் கண்ட அவ்வூரார் 1890 இல் கர்நாடக வித்தியாவர்த்தக சங்கத்தை நிறுவினர். பின்னர் ஆலூர் வெங்கடராவ் பழைய கன்னடப் பேரரசுகளின் பெருமையை எழுதி இளைஞரைத் தட்டியெழுப்பினார். வீட்டில் குறையுள்ளவனுக்கே வீட்டின் நினைவு மிகுதி போலும்!

மைசூராருக்கோ குறையில்லை. அரசர் இருந்தார்; 1902 முதல் சிவசமுத்திரத்து மின்சாரம் இருந்தது; 1916 முதல் பல்கலைக்கழகமும் இருந்தது. வறண்ட வடபகுதிகளைச் சேர்த்தால் தம் வருவாய் அங்கே வடிந்துவிடுமென்று பலர் அஞ்சினர். லிங்காயதர் தொகை பெருகினால் ஒக்கலிகர் செல்வாக்குக் குன்றும் என்ற கணக்கும் உள்ளே இருந்தது. கன்னடருக்கு இரண்டு இராச்சியங்கள் போதும் என்று வாதித்தாரும் உளர். இவ்வெதிர்ப்பின் நடுவில், தாமும் ஒக்கலிகரான முதலமைச்சர் கெங்கல் அனுமந்தையா இணைப்பையே ஆதரித்தார். அவருடைய துணிவை நாம் பெரிதாகவே மதிக்கிறோம்.

1953 அக்டோபரில் ஆந்திரம் பிரிந்தபோது பெல்லாரியின் பெரும்பகுதி மைசூரைச் சேர்ந்தது. பசல் அலி தலைமையிலான ஆணைக்குழு 1955 இல் அறிக்கை தந்தது. 1956 நவம்பர் 1 ஆம் நாள் புதிய இராச்சியம் உதயமாயிற்று; நிஜலிங்கப்பா முதலமைச்சரானார். காசர்கோடு கேரளத்துக்கும் சோலாப்பூர் பம்பாய்க்கும் சென்றமை கன்னடர் பலருக்கு மனத்தாங்கல். பெல்காமைப் பற்றிய வழக்கோ, 1967 இல் மகாஜன் ஆணைக்குழு தன் அறிக்கையைத் தந்த பின்னும் ஓயவில்லை.

இராச்சியத்தின் பெயர் மட்டும் மைசூராகவே நின்றது. வந்து சேர்ந்த வடபகுதியாருக்கு அது பிறர் வீட்டில் குடியிருப்பது போன்றிருந்தது; பழைய மைசூராரோ அப்பெயரை எளிதில் விட மனங்கொள்ளவில்லை. இறுதியில் 1973 நவம்பர் 1 ஆம் நாள் கருநாடகம் என்ற பெயர் வந்தது. அப்போது முதலமைச்சராயிருந்த தேவராஜ் அர்ஸ், பழைய மைசூரில் பிறந்தவர். அவ்வரச குடும்பத்தின் சமூகத்தையே சேர்ந்தவர்.